கதையில் இல்லாத கப்பல்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில், பூண்டு அறுவடை முடிந்து கொட்டகை நிறையக் கட்டுக் கட்டாகக் குவிந்து கிடந்த சமயம். மழை பெய்வதும் விடுவதுமாக இருந்தது. நாங்கள் ஏழு பெண்கள் அந்தக் கொட்டகையில் வேலை பார்த்தோம். பூண்டுத் தாளை அறுத்து, வேரை நறுக்கி, அழுக்குத் தோலை உரசி எடுத்துவிட்டு, பெரிது சிறிதாகப் பிரித்துப் போட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை கைக்கு மட்டும்தான் வேலை. காது சும்மாதான் இருக்கும்.

அந்தக் காதுகளுக்குக் கதை படித்துக் காட்டுவது என் வேலையாகிப் போனது. நான் ஏழாவது வரைதான் படித்தேன். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதில் பள்ளிக்கூடம் நின்றது. படிக்கிற ஆசை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்குப் போனால் அப்படியே நூலகத்துக்கும் போய்விடுவேன். அங்கேதான் அந்த எழுத்தாளர் எனக்குக் கிடைத்தார். நூறு நாவலுக்கு மேல் எழுதியவர். பாதி அறிவியல் கதை, பாதி மாயக் கதை. நூலகத்தில் ஒரு தட்டு முழுக்க அவர் புத்தகங்கள்தான்.

அறிவியலில் பாதி எனக்குப் புரியாது. ஒளியாண்டு என்பதை ரொம்ப நாள் ஒரு வருடக் கணக்கு என்றே நினைத்திருந்தேன். அது தூரம் என்று நூலகத்து அம்மா சொல்லித்தான் தெரியும். ஆனால் அவர் கதையில் வேறு கிரகத்துக்குப் போனவளுக்கும் கால் வலிக்கும். ராட்சசன்கூட மழைக்கு ஒதுங்க இடம் தேடுவான். ஏரிக்கு அடியில் இருக்கிற ராஜ்ஜியத்தில், துவைத்த துணி எப்போது காயும் என்று ராணி கவலைப்படுவாள். எங்கள் ஊரில் மூடுபனி இறங்கினால் நான்கு நாளுக்குத் துணி காயாது. அந்த ராணியை எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எங்கேயோ இருக்கிற ஒன்றை எழுதி, அதை நம் வீட்டுக் கொடியில் கொண்டுவந்து போட்டுவிடுகிற கெட்டிக்காரத்தனம் அவருக்கு உண்டு.

"இந்த மனுசன் மேல போயிட்டு வந்தாப்லயே எழுதுறாரே. பஸ்ஸு எங்கிட்டு நிக்கும்னு கேட்டுச் சொல்லு புள்ள" என்பார் மதினி. என் அண்ணன் மனைவி. கொட்டகையில் அவர் குரல்தான் பெரிய குரல்.

நான் வாசல் வெளிச்சத்தில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து படிப்பேன். என் பங்குப் பூண்டை மற்ற ஆறு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாக இழுத்துக்கொள்வார்கள். இதை யாரும் பேசி வைக்கவில்லை. முதல் நாள் மதினி என் கட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார், அப்படியே பழகிவிட்டது. சாயங்காலம் பார்த்தால் என் குவியலும் மற்றவர்கள் குவியல் அளவுக்கே இருக்கும்.

இவ்வளவு நம்பிக்கையாக இருந்தவர்களிடம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நான் பயந்த சுபாவம். பஸ் கொஞ்சம் தாமதமானால் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறதோ என்று நினைப்பேன். போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவேன். கதையிலும் அப்படித்தான். அவருடைய ஒரு மாயக் கதையில் ஒரு நாய் செத்துப்போகும். அதைச் சத்தமாகப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. நொண்டிக்கொண்டே காட்டுக்குள் ஓடிவிட்டது என்று படித்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு தைரியம் வந்துவிட்டது. சண்டை வரும் இடத்தைச் சுருக்கினேன். ஆபத்து வரும் இடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துக் கஞ்சி குடிக்க வைத்தேன். "விண்வெளிக்குப் போனாலும் நேரத்துக்குச் சாப்புடுறாங்கப்பா" என்று ஒருவர் பாராட்டக்கூடச் செய்தார். அது எழுத்தாளருக்குப் போக வேண்டிய பாராட்டும் இல்லை, எனக்கு வர வேண்டிய பாராட்டும் இல்லை.

அப்புறம் அந்த விண்கலக் கதை வந்தது. அவருடைய பல கதைகளில் வரும் கேப்டனோடு சேர்த்து ஏழு பேர் பூமியை விட்டு வெகு தூரம் போகிறார்கள். அதில் ஒருத்தி கலத்தைப் பழுது பார்க்கிறவள். அவளுடைய சின்ன மகள் ஊரில் இருக்கிறாள். தினமும் மகளுக்கு ஒரு செய்தி பேசி அனுப்புவாள். கலம் தூரம் போகப் போக, அந்தச் செய்தி வந்து சேரும் காலமும் நீண்டுகொண்டே போகும்.

எங்களோடு வேலை பார்த்த ஓர் அக்காவுக்கு இந்தக் கதை உயிர். அவர் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியது. இன்றைக்கும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். அதிகம் பேசமாட்டார். அதற்கு முந்தின வருடம்தான் அவர் வீட்டுக்காரர், காய்கறி லாரி ஓட்டியவர், மலைப்பாதைப் பனியில் வண்டி உருண்டு இறந்திருந்தார்.

கொட்டகையில் படிப்பதற்கு முன்னால் வீட்டில் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுவது என் வழக்கம். அப்படிப் படித்தபோதுதான் அந்த அதிகாரம் வந்தது. கலத்தின் வெளிக்கதவு உடைகிறது. அவள் வெளியே போய் அதை மூடுகிறாள். மற்ற ஆறு பேரும் பிழைக்கிறார்கள். அவளைக் கட்டியிருந்த கயிறு அறுந்து, அவள் இருட்டுக்குள் மிதந்து போய்விடுகிறாள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். மீதியைப் படிக்கவே இல்லை.

மறுநாள் கொட்டகையில், அவள் கதவை மூட வெளியே போய்க் கயிறு அறுந்த இடம் வரைக்கும் படித்தேன். நிமிர்ந்தேன். அக்காவின் கத்தி பூண்டுத் தாளின் பாதியில் நின்றிருந்தது. அப்போது என் வாயில் ஒரு கப்பல் வந்தது. பின்னாலேயே வந்த இன்னொரு கப்பல் கயிற்றைப் போட்டு அவளை இழுத்துக்கொண்டது என்று படித்தேன். அவள் ஊர் திரும்பினாள், மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், இருவரும் கஞ்சி குடித்தார்கள், கதை முடிந்தது.

"அப்பாடி, கொண்டாந்து சேத்துட்டாங்க" என்று அக்கா மூச்சை விட்டார். ஒரு வாரத்துக்குக் கொட்டகையில் அதே பேச்சுதான். நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி ஒரு போனில் போனது. நூலகத்து அம்மாவிடம் எங்கள் கொட்டகைப் படிப்பைப் பற்றி ஒருமுறை பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். அவர் கூப்பிட்டபோது என் கையில் புத்தகம் இருந்ததால் மதினிதான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "உங்க எழுத்தாளர் வர்ற ஞாயித்துக்கிழம நம்ம நூலகத்துக்கு வர்றார்மா. வாசகர் சந்திப்பு. உங்க செட்டையே கூட்டிட்டு வந்து கருத்து சொல்லச் சொல்லுங்க" என்று அந்த அம்மா ஏழு பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்.

அந்த வாரம் நான் தூங்கியது கொஞ்சம். இவர்கள் அங்கே வந்து வாயைத் திறந்தால் என் பொய் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு யார் என்னிடம் கதை கேட்பார்கள்? என் பூண்டை அறுத்துக் கொடுத்தவர்கள் என்னை என்னவென்று நினைப்பார்கள்? எழுத்தாளர் என் மேல் கேஸ் போடுவாரோ என்றுகூட யோசித்தேன். பாதையில் ஒரு மரமாவது விழுந்து பஸ் வராமல் போகட்டும் என்று சாமியிடம் வேண்டினேன். வேண்டிய உடனேயே, அது யார் மேலாவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து வேண்டுதலை வாபஸ் வாங்கினேன்.

பஸ் வெள்ளனே, நேரத்துக்கு முன்பே வந்தது. எல்லாரும் நல்ல சேலையும் அதன் மேல் ஸ்வெட்டருமாக ஏறினார்கள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். அந்தக் கேப்டனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகல?"

"அவருக்கு நூறு கிரகத்தப் பாக்குற சோலி கெடக்கு. நீ தரகு பேசப் போறியாக்கும்?"

பூம்பாறை வரும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பூம்பாறை தாண்டியது. ஏரி தெரியும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஏரியும் தாண்டியது.

நூலகத்தில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். எழுத்தாளர் நான் நினைத்ததுபோல் இல்லை. சமவெளியிலிருந்து வந்தவர் என்பதால் குளிர் தாங்காமல் மங்கி குல்லாவும் சால்வையுமாக, மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசகர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். ஓய்வு பெற்ற ஓர் அறிவியல் ஆசிரியர், இத்தனை நாவலில் கிரகங்களின் தூரத்தையோ ஈர்ப்பையோ ஓர் இடத்திலும் தப்பாக எழுதவில்லை என்றார். ஒரு கல்லூரிப் பெண், அறிவியல் கதைகளைவிட மாயக் கதைகள்தான் உசத்தி, அவற்றில்தான் பெண்கள் கேள்வி கேட்கிறார்கள் என்றாள். இன்னொருவர், சமீபத்திய நாவல்களில் அவசரம் தெரிகிறது, பத்து எழுதுகிற இடத்தில் மூன்று எழுதினால் போதும் என்று நேராகவே சொன்னார். எழுத்தாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"மன்னவனூர்க்காரங்க பேசுங்கம்மா" என்று நூலகத்து அம்மா சொன்னதும் மதினி எழுந்துவிட்டார்.

"ஐயா, நாங்க பூண்டு அறுக்குறவங்க. படிக்கத் தெரியாது, கேக்கத் தெரியும். உங்க கதையிலயே அந்தக் கப்பலு வந்து கயித்தப் போட்டு அந்தப் புள்ளய இழுத்துச்சு பாருங்க, அந்த எடத்துக்கு ஈடே இல்ல. அவ ஊருக்கு வந்து மகள இடுப்புல தூக்குனப்ப நாங்க ஏழு பேரும் அழுதோம்."

ஓய்வு பெற்ற ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். "அம்மா, அந்த நாவல்ல அப்படி ஒரு இடமே கிடையாதே. அவங்க இறந்துபோறாங்களே?"

"நீங்க கடைசி வரைக்கும் படிச்சிருக்க மாட்டீங்க சார்" என்றார் மதினி, தன்மையாக.

எல்லாரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"அவங்க மேல தப்பு இல்லைங்க. புத்தகத்துல அவ செத்துத்தான் போறா. நான்தான் மாத்திப் படிச்சேன்."

என் பக்கத்தில் ஆறு தலைகள் திரும்பின. நான் யாரையும் பார்க்கவில்லை. எழுத்தாளர் பேனாவை மூடினார்.

"எப்படிக் காப்பாத்துனீங்க?"

"பின்னாடி ஒரு கப்பல் வந்துச்சுன்னு சொன்னேங்க."

"அந்தக் கப்பல் எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியலைங்க. வந்துச்சு."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "நானும் அந்தக் கப்பலத்தாம்மா ரெண்டு மாசம் தேடுனேன். கிடைக்கல" என்றார். பிறகு, "அதுக்கப்புறம் வர்ற கடைசி அதிகாரத்தையாவது படிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. பயமா இருந்துச்சு."

அவர் முகம் ஒரு நொடி வாடிப்போனதைப் பார்த்தேன். "அதுக்காகத்தான் முழுக் கதையையுமே எழுதுனேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

அப்போது அக்கா எழுந்தார். அவரிடமிருந்து வார்த்தை வருவதே அபூர்வம். "அப்ப அவ வரலையா?" என்று என்னைத்தான் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "எனக்காகத்தானே மாத்துன?" அதற்கும் ஆட்டினேன். "சரி. இப்பப் படி" என்றார்.

நூலகத்து அம்மா தட்டிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, முன்னாடியே பார்த்து வைக்காத பக்கங்களை நாற்பது பேருக்கு நடுவில் சத்தமாகப் படித்தேன்.

அந்தக் கடைசி அதிகாரம் முழுக்க மகள்தான். அம்மா இறந்த செய்தி பூமிக்கு வந்து சேரவே பல வருடம் ஆகும். ஆனால் அதற்கு முன்னால் அவள் பேசி அனுப்பியவை எல்லாம் வழியில் வந்துகொண்டிருக்கின்றன. மகள் பள்ளிக்கூடம் முடிக்கிறாள், வேலைக்குப் போகிறாள். அம்மாவின் குரல் மட்டும் இன்னும் சின்னப் பிள்ளையைக் கேட்பதுபோல், சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. மகளும் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறாள். ஒருநாள் அம்மாவின் குரலுக்குப் பதில் கேப்டனின் குரல் வந்து, அவள் இறந்ததைச் சொல்கிறது. அப்போதுதான் மகள் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். அம்மா போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த எட்டு வருடமும் அவள் அம்மாவோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அழுது முடித்துவிட்டு, வந்த முதல் செய்தியிலிருந்து மறுபடியும் கேட்க ஆரம்பிக்கிறாள்.

நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டு, மறுபடி அதே வரியிலிருந்து படித்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. எப்படிப்பட்ட ஒன்றை நான் இவர்களிடமிருந்து பறித்து வைத்திருந்தேன் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. நான் போட்ட கயிறும் கஞ்சியும் அந்தப் பக்கங்களுக்கு முன்னால் எவ்வளவு அற்பமாக இருந்தன!

படித்து முடித்ததும் அக்கா எழுத்தாளரைப் பார்த்துக் கேட்டார்.

"எம் போன்லயும் கெடக்குங்க ஐயா. அவரு பேசி அனுப்புனது. 'வத்தலக்குண்டு தாண்டிட்டேன், சுடுதண்ணி போட்டு வையி'ன்னு. அது வந்த பொறகு அவரு வரல. அதக் கேக்காத நாளு எனக்குக் கெடையாது. யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

எழுத்தாளர் அவ்வளவு குளிரிலும் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நூறு நாவல் எழுதியவர், அந்த ஒரு கேள்விக்கு முன்னால் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை அன்றைக்குத்தான் முழுசாக ஆனது. பெரிய கற்பனைக்காரர் என்று நினைத்திருந்தேன். எங்கோ கிரகங்களுக்கு நடுவில் கதையை வைத்துக்கொண்டு, எங்கள் அக்காவின் போனுக்குள் இருந்ததை எழுதியவர் அவர்.

திரும்பும் பஸ்ஸில் என்னோடு யாரும் பேசவில்லை. பூம்பாறை தாண்டியதும் மதினி முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"அப்ப அந்த நாயி?"

"செத்துப்போச்சு மதினி."

"கஞ்சி குடிச்சது?"

"அது நான் சேத்தது."

"அடிப்பாவி. நாலு கிரகத்துல கஞ்சி காய்ச்சிருக்கா. அதுக்கு நான் உம் பூண்டையும் சேத்து அறுத்திருக்கேன்." அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கண் சிரிக்கவில்லை. "எல்லாரு முன்னாடியும் அந்த வாத்தியாரக் கடைசி வரைக்கும் படிக்கலன்னுட்டேனே. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருந்தா என்ன புள்ள?" என்றார்.

மறுநாளிலிருந்து என் பூண்டை யாரும் தொடவில்லை. நான்கு நாள் நானே அறுத்தேன். கொட்டகையில் கத்திச் சத்தம் மட்டும்தான். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஐந்தாம் நாள் தேத்தண்ணி குடித்து முடித்ததும் அக்கா என் கத்தியை வாங்கிக் கீழே வைத்தார். "அடியே, மொதப் புத்தகத்துலேருந்து தொடங்கு. சாவு வந்தா சாவப் படி. நாங்க அதெல்லாம் பாத்துட்டுத்தான் இங்க வந்து உக்காந்துருக்கோம்" என்றார். மதினி என் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதுவரை படித்த பதினொரு நாவலையும் முதலிலிருந்து படித்தோம். எனக்கே பாதி புதிதாக இருந்தது. நான் சுருக்கிய சண்டைகளில் கேப்டன் எவ்வளவு பெரிய மனிதர் என்பது இருந்தது. நாய் செத்த பக்கத்தில் மூன்று பேர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். மூக்கைச் சிந்திவிட்டு, "ம், மேல படி" என்றார்கள். ஒருவரும் உடைந்துபோகவில்லை. இவர்கள் தாங்கமாட்டார்கள் என்று நான் நினைத்ததெல்லாம் நான் தாங்கமாட்டேன் என்பதுதான் என்று அப்போது புரிந்தது.

எனக்கு இன்றைக்கும் போன் அடித்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றுகிறது. ஆனால் சத்தமாகப் படிக்கையில் மனம் பயந்து நிற்கும் வரி ஒன்று வந்தால், அதைத் தாண்டி ஓடாமல் அங்கேயே நின்று உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் என்னைவிடப் பலசாலிகள் என்று நம்புவதுதான் நான் அவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை.